3 மணி நேர ரெக்கார்டிங் கரப்ட் ஆயிடுச்சா? டெலிட் பண்ணாதீங்க... கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்க!

மூன்று மணி நேரம் ஆடி ரெக்கார்ட் செய்த கேம். அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எடுத்த ஆன்லைன் வகுப்பு. முடித்துவிட்டு ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல் இருக்கிறது, அளவும் 12 ஜிபி என்று காட்டுகிறது. ஆனால் ப்ளே பண்ணினால் ஓடவில்லை. ஓடினாலும் பாதித் திரை பச்சையாக, மீதி கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கிறது.

இந்த நேரத்தில் பலரும் செய்வது இரண்டு காரியம். ஒன்று, கடுப்பில் அந்த ஃபைலை டெலிட் செய்வது. இன்னொன்று, 'கிராபிக்ஸ் கார்டு போச்சு' என்று தானே தீர்ப்பு எழுதி, கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது. இரண்டுமே அவசரம். வீடியோ எந்த மாதிரி கெட்டிருக்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தவறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பல நேரம் கார்டு மேல் தவறே இருக்காது.

அது என்ன ஹார்டுவேர் என்கோடர்?

1080பி தரத்தில், நொடிக்கு 60 ஃப்ரேம் வீடியோவை அப்படியே சுருக்காமல் சேமித்தால் ஒரு நொடிக்கு சுமார் 186 மெகாபைட் ஆகும். ஒரு நிமிடத்துக்கு 11 ஜிபி. எந்த வீட்டு ஹார்டு டிஸ்க்கும் இதைத் தாங்காது. அதனால் வீடியோவைச் சுருக்கித்தான் சேமிக்க வேண்டும். அந்தச் சுருக்கும் வேலையைச் செய்வதுதான் என்கோடர்.

முன்பெல்லாம் இந்த வேலையை பிராசஸர்தான் செய்தது. கேமும் ஓட வேண்டும், ரெக்கார்டிங்கும் நடக்க வேண்டும் என்றால் இரண்டுமே திணறும். 2011-ல் இன்டெல் 'குயிக் சிங்க்' என்ற பெயரிலும், 2012-ல் என்விடியா 'என்வென்க்' என்ற பெயரிலும் இதற்கென்றே தனிப் பகுதியைச் சிப்பில் வைத்தன. ஏஎம்டி கார்டுகளிலும் இதேபோல ஒன்று உண்டு. ஓபிஎஸ் மாதிரியான ரெக்கார்டிங் மென்பொருள்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: கேம் படத்தை வரைவது கார்டின் ஒரு பகுதி, வீடியோவைச் சுருக்குவது வேறு பகுதி. எனவே கேம் வெண்ணெய் மாதிரி ஓடியும் ரெக்கார்டிங் கெட்டுப்போகலாம். 'கேம் நல்லாத்தானே ஓடுச்சு, வீடியோ மட்டும் ஏன் இப்படி?' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

ஒரு இடத்தில் கெட்டால் ஏன் பின்னாடி வருவதும் கெடுது?

மளிகைக் கடைக் கணக்கு நோட்டை நினைத்துப் பாருங்கள். மாத ஆரம்பத்தில் பாக்கி எவ்வளவு என்று முழுசாக எழுதுவார்கள். அதன் பிறகு '50 கூட', '20 வரவு' என்று மாற்றத்தை மட்டும் எழுதிக்கொண்டே போவார்கள். நடுவில் ஒரு வரி அழிந்துவிட்டால், அதற்குப் பின் போடும் கூட்டல் எல்லாமே தப்பாகும். அடுத்த மாதம் முழு பாக்கியைப் புதிதாக எழுதும்போதுதான் சரியாகும்.

வீடியோவும் இதே கதைதான். 'கீஃப்ரேம்' என்பது முழுப் படம். அதற்கடுத்து வரும் ஃப்ரேம்களில் 'முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது' என்பது மட்டும்தான் பதிவாகும். கீஃப்ரேம் இடைவெளியை 2 நொடி என்று வைத்திருந்தால், ஒரு ஃப்ரேமில் விழுந்த அடி அடுத்த கீஃப்ரேம் வரும் வரை, அதாவது அதிகபட்சம் 2 நொடி வரை, இழுவிக்கொண்டே போகும். பிறகு படம் திடீரென்று பளிச்சென்று சரியாகும்.

இது நோய் கண்டுபிடிக்க நல்ல அடையாளம். படம் சிதைந்து, சில நொடிகளில் தானாகச் சரியாகி, மறுபடி சிதைகிறது என்றால் நடுவில் தகவல் விடுபட்டிருக்கிறது அல்லது தவறாகப் பதிந்திருக்கிறது. முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒரே இடத்தில் ஒரே கோடு தெரிகிறது என்றால் அது வேறு சமாச்சாரம். ஃபைல் திறக்கவே இல்லை என்றால் அது முற்றிலும் வேறு.

திறக்கவே இல்லையா? படம் பெரும்பாலும் பத்திரமாத்தான் இருக்கு

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். எம்பி4 ஃபைலில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. 'மூவ் ஆட்டம்' என்று அதற்குப் பெயர். வழக்கமான எம்பி4 ரெக்கார்டிங்கில் இந்த அட்டவணை, 'ஸ்டாப்' அழுத்திய பிறகு கடைசியாகத்தான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால், கம்ப்யூட்டர் ஹேங் ஆனால், டிஸ்க் நிரம்பினால் அட்டவணை எழுதப்படாது. 12 ஜிபி வீடியோவும் உள்ளே இருக்கும். ஆனால் எங்கே தொடங்குவது என்று பிளேயருக்குத் தெரியாது. 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்று பிழைச் செய்தி வந்தால் இதுதான் விஷயம். இதில் என்கோடருக்குச் சம்பந்தமே இல்லை.

எம்கேவி ஃபார்மட்டில் இந்தத் தொல்லை கிடையாது. கரண்ட் போன நொடி வரை பதிவானது ஓடும். 'எம்கேவி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஏறாதே' என்பவர்களுக்காக ஓபிஎஸ்ஸிலேயே வழி இருக்கிறது. ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' என்பதை அழுத்தினால் எம்பி4 ஆக மாறிவிடும். மறுபடி சுருக்காமல் உறையை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது, நேரமும் அதிகம் எடுக்காது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இதைத் தானாக நடக்கும்படியும் வைக்கலாம். 2024-ல் வந்த ஓபிஎஸ் 30.2 பதிப்பில் 'ஹைபிரிட் எம்பி4' என்ற வசதியும் சேர்ந்தது. அதில் அட்டவணையைக் கடைசிக்கு ஒத்திப்போடாமல் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகும். கரண்ட் எப்போ போகும் என்று தெரியாத ஊரில் இருப்பவர்கள் பழைய எம்பி4-ஐ வைத்துக்கொண்டு இருப்பதில் அர்த்தமே இல்லை.

இன்னொரு பொறி பென் டிரைவ், பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க். அவை 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 40 மெகாபிட் வேகத்தில் ரெக்கார்ட் செய்தால் 14 நிமிடத்திலேயே 4 ஜிபி வந்துவிடும். 'எப்போ எடுத்தாலும் கால் மணி நேரத்துல புட்டுக்குது' என்று புலம்புகிறவர்கள் கார்டை விட்டுவிட்டு முதலில் டிஸ்க்கின் ஃபார்மட்டைப் பார்க்க வேண்டும். 'என்டிஎஃப்எஸ்' அல்லது 'எக்ஸ்ஃபேட்' என்று இருக்க வேண்டும்.

திறக்குது... ஆனா உடையுதா?

இங்கேயும் நேராகக் கார்டுக்குப் போகக் கூடாது. முதலில் பிளேயர். விஎல்சி பிளேயரில் ப்ரெஃபரன்ஸஸ் போய், 'இன்புட் / கோடெக்ஸ்' பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங்கை டிசேபிள் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதே ஃபைலை வேறு லேப்டாப்பிலோ போனிலோ போட்டுப் பாருங்கள். அங்கே சுத்தமாக ஓடினால் ரெக்கார்டிங்கில் பிரச்னை இல்லை, ஓட்டிக் காட்டும் இடத்தில்தான். ஹெச்.265 முறையில் எடுத்த வீடியோ விண்டோஸின் சொந்த பிளேயரில் ஒலி மட்டும் வந்து படம் வராமல் போவதும் இந்த ரகம்தான். அதற்குத் தனி எக்ஸ்டென்ஷன் வேண்டும்.

படத்தின் அடியில் மெல்லிய பச்சைக் கோடு தெரிகிறதா? பயப்பட வேண்டாம். ஹெச்.264 என்கோடர் படத்தை 16-க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. 1080 என்பது 16-ஆல் மீதியின்றி வகுபடாது. அதனால் 1088 வரியாக எழுதி, 'கடைசி 8 வரியைக் காட்டாதே' என்று குறிப்பு வைக்கும். அந்தக் குறிப்பை மதிக்காத பிளேயரில் மிச்ச வரிகள் பச்சையாகத் தெரியும்.

ஓடும் காட்சிகளில் மட்டும், அதுவும் புல், மழை, புகை, இருட்டு வரும் இடங்களில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அது பழுதே இல்லை. பிட்ரேட் பத்தவில்லை. லைவ் ஸ்ட்ரீமுக்கு வைக்கும் 6,000 கேபிபிஎஸ்ஸையே ரெக்கார்டிங்குக்கும் வைத்தால் 60 ஃப்ரேம் கேம் வீடியோ இப்படித்தான் வரும். ரெக்கார்டிங்குக்கு 'சிக்யூபி' முறையைத் தேர்ந்தெடுத்து 20-ஐ ஒட்டிய எண்ணை வைத்தால் காட்சிக்கு ஏற்ப என்கோடரே இடம் எடுத்துக்கொள்ளும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும்.

படம் உடையாமல், நின்று நின்று குதித்துக் குதித்து ஓடினால் அது சுமை. ஓபிஎஸ்ஸில் 'ஸ்டாட்ஸ்' பகுதியைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். 'ரெண்டரிங் லேக்' ஏறினால், கார்டு கேமை வரைவதிலேயே 100 சதவீதம் மூழ்கி, ஓபிஎஸ்ஸுக்கு மூச்சுவிட இடம் தரவில்லை என்று பொருள். கேமின் ஃப்ரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு வையுங்கள், ஓபிஎஸ்ஸை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறங்கள். 'என்கோடிங் லேக்' ஏறினால், என்கோடர் திணறுகிறது. பிரீசெட்டை ஒரு படி குறைத்து, 'லுக்-அஹெட்', 'சைக்கோ விஷுவல் டியூனிங்' இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். பெயருக்கு என்கோடர் செட்டிங் என்றாலும், என்விடியா கார்டில் இந்த இரண்டும் கேமை வரையும் பகுதியிலிருந்துதான் சக்தியைக் கடன் வாங்குகின்றன.

உண்மையான சோதனை இதுதான்

மேலே சொன்ன எதுவும் இல்லை, வேறு பிளேயரிலும் வேறு கம்ப்யூட்டரிலும் அதே இடத்தில் அதே மாதிரி படம் சிதைகிறது. அப்போ?

ஓபிஎஸ்ஸில் என்கோடரை மட்டும் 'எக்ஸ்264' என்று மாற்றுங்கள். இது பிராசஸரை வைத்துச் சுருக்கும் பழைய முறை. மற்ற எதையும் தொடாமல், அதே கேமில் அதே இடத்தை 10 நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். கேம் கொஞ்சம் திணறும், பரவாயில்லை. இதில் வீடியோ சுத்தமாக வந்தால் பிரச்னை கார்டின் என்கோடர் அல்லது அதன் டிரைவர் பக்கம். இதிலும் அதே சிதைவு என்றால் என்கோடரை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னாலேயே எங்கோ படம் கெடுகிறது. நினைவகம், கேப்சர் முறை, டிஸ்க் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கூடவே ஒரு கேள்வி: விளையாடும்போது மானிட்டரிலும் அந்தப் புள்ளிகள், கோடுகள் தெரிந்தனவா? தெரிந்திருந்தால் கார்டின் நினைவகத்தைச் சந்தேகப்படலாம். ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் என்று 'ஆஃப்டர்பர்னர்' மாதிரி மென்பொருளில் ஏதாவது திருகி வைத்திருந்தால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். 'பெஞ்ச்மார்க் எல்லாம் பாஸ் ஆச்சே' என்பது சாட்சியாகாது. கேமில் ஒரு புள்ளி ஒரு ஃப்ரேமில் நிறம் மாறினால் அடுத்த ஃப்ரேமில் மறைந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. என்கோடர் போடும் கணக்கில் அதே பிழை நேர்ந்தால், அடுத்த கீஃப்ரேம் வரை வீடியோவில் தங்கிவிடும்.

டிரைவர் மாத்தினா சரியாகுமா?

பல நேரம் ஆகும். ஆனால் 'லேட்டஸ்ட் டிரைவர் போடுங்க' என்ற ஒற்றை வரி ஆலோசனை எல்லா நேரமும் சரியல்ல. 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளில் திரை கறுப்பாகும் புகார்கள் வந்து, என்விடியா அடுத்தடுத்து ஹாட்ஃபிக்ஸ் டிரைவர்களை வெளியிட வேண்டியிருந்தது. 'போன வாரம் வரைக்கும் நல்லா இருந்துச்சு' என்றால், போன வாரம் அப்டேட் ஆனது எது என்று பார்த்து, அதற்கு முந்தைய பதிப்புக்குத் திரும்புவதும் ஒரு வைத்தியம்தான். டிரைவரை மாற்றும்போது 'டிடியு' என்ற இலவசக் கருவியால் சேஃப் மோடில் பழையதை முழுசாக நீக்கிவிட்டுப் போடுவது நல்லது. அந்த நேரத்தில் இன்டர்நெட்டைத் துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸே தனக்குப் பிடித்த ஒரு டிரைவரை நடுவில் போட்டுவிடும்.

ரெக்கார்டிங் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பொட்டென்று நின்றுபோனால், விண்டோஸின் 'ஈவென்ட் வியூவரை'ப் பாருங்கள். கார்டு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை ரீசெட் செய்துவிடும். கேம் சில நேரம் தப்பித்துக்கொள்ளும், நடந்துகொண்டிருந்த என்கோடிங் தப்பிக்காது. சிஸ்டம் லாகில் அந்த நேரத்துக்கு நேராக 4101 என்ற எண் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்கோடரைக் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்கணும். ஓபிஎஸ் ஒரு பக்கம், என்விடியாவின் இன்ஸ்டன்ட் ரீப்ளே ஒரு பக்கம், டிஸ்கார்டில் ஸ்கிரீன் ஷேர் ஒரு பக்கம். ஜிஃபோர்ஸ் கார்டுகளில் ஒரே நேரத்தில் இயங்கும் என்கோடிங் வேலைகளுக்கு வரம்பு உண்டு. அதை என்விடியா 2023-ல் 3-லிருந்து 5 ஆகவும், பிறகு 8 ஆகவும் உயர்த்தியது. பழைய டிரைவரில் பழைய வரம்புதான். வரம்பைத் தாண்டினால் படம் உடையாது. பெரும்பாலும் ரெக்கார்டிங் தொடங்கும்போதே பிழைச் செய்தி வரும்.

சில சமயம் நிஜமாவே சிப்புலதான் குறை

அதையும் மறைக்கத் தேவையில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரிசைக் கார்டுகளில் ஏவி1 முறையில் 1080பி வீடியோ எடுத்தால் 1082 வரிகளாக வந்தது. கூடுதல் வரிகள் கறுப்பாகத் தெரியும். காரணம், அந்தச் சிப்பின் என்கோடர் அளவுகளைக் குறிப்பிட்ட மடங்குகளில் மட்டுமே எழுதும்படி அமைக்கப்பட்டிருந்தது. இதற்கு என்ன டிரைவர் போட்டாலும் முழுத் தீர்வு இல்லை. அந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் 1080பி ரெக்கார்டிங்குக்கு ஹெச்.264 அல்லது ஹெச்.265-க்கு மாறுவதுதான் சுலபம்.

நேர்மாறான கதையும் உண்டு. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம்கள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொண்டன. செய்தியைப் பார்த்த பலர் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகித்தார்கள். கோளாறு இருந்ததோ பிராசஸரில். 2024 ஆகஸ்டில் இன்டெல் இதற்கு மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, அந்த பிராசஸர்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. இந்த ரகம் வைத்திருப்பவர்கள், மேலே சொன்ன எக்ஸ்264 சோதனையை நம்பும் முன் மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். சந்தேகத்துக்குரிய பிராசஸரையே சாட்சிக்கு அழைத்தால் தீர்ப்பு எப்படிச் சரியாக வரும்?

கெட்டுப்போன ஃபைலை மீட்க முடியுமா?

எப்படிக் கெட்டது என்பதைப் பொறுத்தது. எதைச் செய்யும் முன்பும் ஃபைலை வேறு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை எல்லாம் காப்பியில்தான்.

எம்கேவி என்றால் ஓபிஎஸ்ஸின் ரீமக்ஸ் வசதியிலேயே முதலில் போட்டுப் பாருங்கள். அட்டவணை இல்லாத எம்பி4 என்றால் 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதற்கு உதவியாக, அதே கம்ப்யூட்டரில் அதே செட்டிங்ஸில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்று வேண்டும். அந்த நல்ல ஃபைலின் அமைப்பைப் பார்த்து, கெட்ட ஃபைலுக்கான அட்டவணையை அது திரும்பக் கட்டும். பழைய நல்ல ஃபைல் கையில் இல்லையா? செட்டிங்ஸை மாற்றாமல் இப்போதே இரண்டு நிமிடம் ரெக்கார்ட் செய்து 'ஸ்டாப்' அழுத்தினால் போதும். இந்தக் காரணத்துக்காகவே, வீடியோ கெட்டுப்போன ஆத்திரத்தில் செட்டிங்ஸை எல்லாம் ரீசெட் செய்துவிடக் கூடாது.

'வீடியோ ரிப்பேர்' என்று கூப்பிடும் இணையதளங்களில் ஃபைலை ஏற்றும் முன் யோசியுங்கள். பிள்ளைகள் முகம், பெயர் தெரியும் வகுப்பு வீடியோவை முன்பின் தெரியாத சர்வருக்கு அனுப்புகிறீர்கள்.

என்கோடரே தவறாக எழுதிய படத்தை மட்டும் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. சரியான படம் ஃபைலில் பதிவாகவே இல்லை, மீட்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. அதற்காக மொத்தமும் போனது என்றும் இல்லை. ஓபிஎஸ்ஸில் ஒலியைச் சுருக்குவது கிராபிக்ஸ் கார்டு அல்ல, பிராசஸர். அதனால் படம் சிதைந்த ரெக்கார்டிங்கிலும் பேச்சு பெரும்பாலும் முழுசாக இருக்கும். வகுப்பு வீடியோ என்றால் அந்த ஒலியை மட்டும் பிரித்து, அதன் மேல் ஸ்லைடுகளை வரிசையாக வைத்து எடிட் செய்தால், அதே பாடத்தை இன்னொரு முறை நடத்த வேண்டியிருக்காது.